வரிசையில் நிற்கும் மாமரங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேசியப் பூங்காவின் உட்காட்டில் வனத்துறை வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, வழிகாட்டியாக வந்தவர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஏதோ விலங்கு தென்பட்டுவிட்டது என்று எண்ணி நாங்கள் அனைவரும் கேமராவைத் தூக்கினோம். விலங்கு எதுவும் இல்லை. ஓடைக்கரைக்கு மேலே ஏழெட்டு மாமரங்கள், இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரே இடைவெளி விட்டு நின்றன. “காட்டு மரம் இப்படி வரிசை பிடிச்சு முளைக்குமா, சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். சற்றுத் தூரம் போன பிறகுதான், அங்கே தம் தாத்தாவின் ஊர் இருந்ததையும், பூங்கா அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளில் அந்த ஊரை எழுப்பி வெளியே கொண்டுபோய்க் குடிவைத்ததையும், வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டாலும் மரங்களை யாரும் வெட்டாமல் விட்டதையும் சொன்னார். அன்று காலை நாங்கள் நுழைந்த வாயிலில், மனிதக் கை படாத கானகம் எங்களை வரவேற்பதாக எழுதிய பெரிய பலகை ஒன்று இருந்தது.

தேசியப் பூங்காக்களைப் பற்றிய எந்த விவாதத்திலும் அதுவரை நான் கதவைச் சாத்தச் சொல்லும் தரப்பிலேயே நின்றிருக்கிறேன். இன்றும் அந்தத் தரப்பை முழுவதும் விட்டுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பூங்காவை எப்படிப் பேணுவது, யாரை எவ்வளவு உள்ளே விடுவது, மாறிவரும் பருவநிலையில் அதன் எதிர்காலம் என்ன என்று மூன்று தனித்தனிக் கேள்விகளாக நாம் பேசிக்கொண்டிருப்பவை உண்மையில் ஒரே கேள்வியின் மூன்று கிளைகள் என்பது அந்த மாமரங்களைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. எந்த நாளில் இருந்த நிலத்தை அதன் ‘இயல்பு நிலை’ என்று கொள்வது, அந்த நாளைக் குறிக்கும் உரிமை யாருடையது என்பதே அந்தக் கேள்வி.

உலகின் முதல் தேசியப் பூங்காவாகச் சொல்லப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872 மார்ச் 1 அன்று ஒரு கையெழுத்தில் பிறந்தது. அதைக் காக்க முதலில் பணமும் ஒதுக்கவில்லை, ஆளும் அமர்த்தவில்லை. வேட்டையும் சூறையும் மிகுந்த பிறகு 1886இல் ராணுவத்தை அனுப்பினார்கள், 1918 வரை அந்தப் பூங்கா ராணுவத்தின் பொறுப்பிலேயே இருந்தது. அதற்குள் அங்கே காட்டாடுகளை வேட்டையாடி வாழ்ந்த டுக்குடிக்கா மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். வெந்நீர் ஊற்றுகளுக்கு அஞ்சிப் பூர்வகுடிகள் அந்தப் பக்கமே வந்ததில்லை என்ற கதை அதன் பிறகு பரப்பப்பட்டது. பயணிகளை அழைப்பதற்கு வசதியான கதைதான். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாக அவர்கள் அங்கிருந்து கருங்கண்ணாடிக் கல்லை வெட்டியெடுத்து அம்புமுனை செய்திருக்கிறார்கள், அந்த முனைகள் மிகத் தொலைவான இடங்களில்கூட மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன.

அதே நாட்டின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் கதை இதைவிடக் கூர்மையானது. 1851இல் ஆயுதப் படையொன்று அந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்து அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களை விரட்டியது. 1864இல் அதே பள்ளத்தாக்கு மக்கள் கண்டுகளிப்பதற்கென ஒதுக்கப்பட்டது. உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே பரந்த புல்வெளியும் அங்கங்கே ஓக் மரங்களுமாக, யாரோ வகுத்துவைத்த தோட்டம்போல் இருக்கிறதே என்று வந்தவர்கள் வியந்தார்கள். அது உண்மையிலேயே தோட்டந்தான். அவானீச்சி மக்கள் ஆண்டுதோறும் அளவாகத் தீ வைத்துப் புதரை ஒடுக்கி, ஓக் மரங்களுக்கு வெளிச்சமும் மான்களுக்கு இளம்புல்லும் கிடைக்கச் செய்திருந்தார்கள். தீ நின்றதும் ஊசியிலை மரங்கள் மேலேறி வந்து புல்வெளியை மூடத் தொடங்கின. எந்தக் காட்சியைக் காப்பதற்காக வேலி போட்டார்களோ அந்தக் காட்சி வேலிக்குள்ளேயே மறைந்துகொண்டிருந்தது.

1916இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையை அமைத்த சட்டம், இயற்கைக் காட்சியையும் உயிரினங்களையும் காப்பதையும் அவற்றை மக்கள் அனுபவிக்க வழிசெய்வதையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, வருங்காலத் தலைமுறைகளுக்குப் பழுதில்லாமல் விட்டுச்செல்ல வேண்டும் என்று முடித்தது. நூறாண்டுகளுக்கும் மேலாக வழக்கறிஞர்களும் சூழலியலாளர்களும் மோதிக்கொள்வது அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான். காப்பதும் அனுபவிப்பதும் ஒன்றையொன்று இடிக்குமே என்பது பலரும் சுட்டும் சிக்கல். எனக்கோ ‘பழுதில்லாமல்’ என்ற சொல்லே பெரிய சிக்கலாகப் படுகிறது. பழுது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் பழுதற்ற நிலை ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த நிலை எது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பதவியில் இருந்தவர்களே தத்தம் காலத்து நம்பிக்கைக்கு ஏற்ப நிரப்பிக்கொண்டார்கள். ஓநாய் கொடியது என்று நம்பிய காலத்தில் யெல்லோஸ்டோனின் ஓநாய்களை 1926க்குள் ஒன்றுவிடாமல் கொன்று முடித்தார்கள். ஓநாய் இல்லாத காடு காடே இல்லை என்று உணர்ந்த காலத்தில், 1995இல், கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டையும் பூங்காவைப் பேணுவதாகச் சொல்லியே செய்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் சான்று பரத்பூரிலுள்ள கேவலாதேவ். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அந்த நீர்நிலம், குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வாத்துகளும் கொக்குகளும் இறங்கும் இடமென்று உலகப்புகழ் பெற்றது. ஆனால் அது தானாக அமைந்த சதுப்பு அன்று. ஒரு தாழ்வான பள்ளத்தில் கரை கட்டி, மதகு வைத்து, வாய்க்கால் வழியாக நீரைத் திருப்பி, பரத்பூர் அரசர்கள் தங்கள் வாத்து வேட்டைக்காக உருவாக்கிக்கொண்டது. பூங்காவுக்குள் இருக்கும் கோயிலருகே, எந்த நாளில் யார் வந்து எத்தனை பறவைகளைச் சுட்டார்கள் என்று பொறித்த கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் 1938 நவம்பர் 12 என்று பொறித்த வரியில், அரசப்பிரதிநிதி லின்லித்கோவின் வருகையையொட்டி ஒரே நாளில் வீழ்த்தப்பட்ட பறவைகளின் எண்ணிக்கை 4,273 என்று இருக்கிறது. கோயில் திருப்பணிக்குக் கொடையளித்தவர்களின் பெயர்ப்பட்டியல்போல அவ்வளவு அமைதியான கல்வெட்டு அது.

அந்த வேட்டை நிலத்தில் சுற்றுவட்டார ஊர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வந்தன. 1982இல் கேவலாதேவ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும், தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு இடமில்லை என்ற சட்டவிதிப்படி அதே ஆண்டு எருமைகள் தடுக்கப்பட்டன. ஊர்மக்கள் எதிர்த்தார்கள், மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. எருமைகளை அகற்றினால் பறவைகள் பெருகும் என்பது அன்று பறவையியலாளர்கள் பலரின் நேர்மையான எதிர்பார்ப்பாக இருந்தது. நடந்தது நேர்மாறு. மேய ஆளில்லாமல் போனதும் ஒருவகை நீர்ப்புல் ஆழமற்ற தண்ணீர்ப் பரப்பு முழுவதும் பாய்போலப் படர்ந்தது; வாத்துகள் நீந்துவதற்கும் மீன்தின்னிப் பறவைகள் இரை தேடுவதற்கும் வேண்டிய திறந்த நீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டுக்கும் குறையாமல் நடத்திய ஆய்வு, அந்த நீர்நிலத்தைத் திறந்துவைத்திருந்த உழைப்பாளி எருமைதான் என்ற முடிவுக்கு வந்தது. பிறகு ஊர்மக்களையே புல்லறுத்துக்கொண்டு போக அனுமதித்தார்கள். எருமை செய்த வேலையை அரிவாள் செய்ய நேர்ந்தது. இடையில் இறந்தவர்களுக்கு எந்த ஆய்வறிக்கையும் பதில் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, ஆகவே எல்லாப் பூங்காவிலும் மாடுகளை விட்டுவிடலாம் என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது நான் சொல்ல வருவது அன்று. மேய்ச்சலால் கட்டாந்தரையாகிப்போன காடுகளும் இருக்கின்றன. கேவலாதேவ் காட்டுவது வேறொன்று. மாடு மேய்த்தவர்களுக்கு அந்தப் புல்லின் குணம் தெரிந்திருந்தது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பூங்கா என்ற சொல் அந்த நிலத்தின்மேல் எழுதப்பட்ட நாளில், அந்த நிலத்தைக் கையால் அறிந்தவர்களின் அறிவு சட்டப்படி அத்துமீறலாகிவிட்டது.

கைவைக்காமல் விடுவதுதான் சரி என்று வென்று காட்டிய இடமும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலையாகப் பேசியவன் ஆவேன். ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்கா 1970இல் பவேரியக் காட்டில் அமைந்தது. 1983 ஆகஸ்டில் வீசிய புயலில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் பெருமளவில் சாய்ந்தபோது, காட்டுப்பணியின் பழைய நெறிப்படி அவற்றை உடனே வெட்டி வெளியேற்றியிருக்க வேண்டும். விழுந்த மரத்தில் பட்டைத்துளைப்பான் வண்டு பெருகி நிற்கும் மரங்களுக்கும் பரவும் என்பது வனத்தொழிலில் பாலபாடம். பூங்காவின் மையப் பகுதியில் விழுந்தவற்றை விழுந்த இடத்திலேயே விட்டுவிட முடிவெடுத்தார்கள். வண்டு பெருகத்தான் செய்தது. 1990களில் மேட்டுநிலக் காடு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் பட்டுப்போய், சாம்பல் நிறத் தூண்கள்போல நின்றது. அந்தக் காட்டைத் தங்கள் ஊரின் முகமாகக் கருதியிருந்த மக்கள் கொதித்தார்கள். பூங்கா நிர்வாகத்தை எதிர்த்துக் குடிமக்கள் இயக்கங்கள் எழுந்தன.

அந்தச் சாம்பல் காட்டின் படத்தையும் அதே இடத்தின் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்குப் பேச்சு வராது. விழுந்து மட்கிய அடிமரங்களின் மேலேயே புதிய ஸ்புரூஸ் கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. நடுநடுவே ரோவன், பீச் மரங்களும். ஒரே வயதில் நின்ற பழைய காட்டைவிட இளைய காடு பலவயதும் பலவகையுமாக இருக்கிறது. இதை, இயற்கையை இயற்கையாக விட்டதன் வெற்றி என்கிறார்கள். உண்மைதான். ஆயினும் இதற்குள் மறைந்திருக்கும் ஒரு செய்தி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பூங்காவின் எல்லையோரமாக ஒரு வளையத்தில் வண்டுபிடித்த மரங்களைத் தேடித்தேடி வெட்டுகிறார்கள், வெளியே இருக்கும் தனியார் காடுகளுக்கு வண்டு தாவக்கூடாது என்பதற்காக. நடுவில் கைவைக்காமல் இருப்பதற்காக ஓரத்தில் ஓயாமல் வேலை நடக்கிறது. அந்தக் காட்டை விட்டுவிட்டார்கள் என்பது தவறு. விடுவதென்று முடிவெடுத்து, அதற்கான விலையைக் கொடுத்து, அண்டைவீட்டாரின் கோபத்தோடு முப்பது ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

யாரை உள்ளே விடுவது என்ற விவாதத்துக்கு வருகிறேன். கூட்டத்தைப் பழிப்பது எளிது. நானும் பழித்திருக்கிறேன், ஒரே ஒரு விலங்கைச் சுற்றி முப்பது வண்டிகள் நிற்க, முப்பதாவது வண்டியில் உட்கார்ந்துகொண்டு. யெல்லோஸ்டோனில் ‘மார்னிங் குளோரி’ என்றொரு வெந்நீர்க் குளம் இருக்கிறது. அதே பெயருடைய நீலப்பூவைப்போல் நடுவரைக்கும் தெளிந்த நீலமாக இருந்ததால் வந்த பெயர். வந்தவர்கள் வேண்டுதல் போலவும் விளையாட்டாகவும் அதில் நாணயங்களை எறிந்தார்கள். அடிவாயில் அடைபட்டது, வெந்நீர் வரத்துக் குறைந்தது, குளம் ஆறியது. ஆறிய ஓரங்களில் வெப்பம்விரும்பும் நுண்ணுயிர்கள் வளர்ந்து மஞ்சளும் ஆரஞ்சுமாக உள்நோக்கி நகர்ந்தன. 1950இல் குளத்தின் நீர்மட்டத்தைத் தாழ்த்திச் செயற்கையாகக் கொப்பளிக்கச் செய்தபோது நாணயங்களோடு கைக்குட்டைகளும் காலுறைகளும் துண்டுகளும் வெளியே வந்து விழுந்தன. இன்று அந்தக் குளத்தைப் படம்பிடிப்பவர்களில் பலர் அந்த மஞ்சள் வளையத்தை அதன் இயற்கை அழகு என்றே நினைக்கிறார்கள்.

இதைச் சொன்ன கையோடு 1932 ஏப்ரல் 24ஐயும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் தொழில்நகரங்களில் ஆலைகளில் வேலைசெய்த இளைஞர்கள் நூற்றுக்கணக்கானோர் அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தின் மேல் அத்துமீறி ஏறினார்கள். பிரபுக்கள் பறவை வேட்டைக்கென அடைத்துவைத்திருந்த நிலம் அது. காவலர்களோடு கைகலப்பு நடந்து, சிலர் சிறை சென்றார்கள். அந்தக் கிளர்ச்சியின் நீட்சியாகவே 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951இல் அதே மேட்டுநிலத்தை உள்ளடக்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே பூங்கா என்பதற்குப் பொருள் ஆளை வெளியேற்றுவது அன்று, கதவைத் திறந்துவிடுவது. ஊர்களும் பண்ணைகளும் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரே சொல், ஒரு நாட்டில் குடியிருந்தவரை வெளியே அனுப்பியது, இன்னொரு நாட்டில் வெளியே நின்றவரை உள்ளே விட்டது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த இன்று கையாளப்படும் வழிகள் மூன்றே: விலை, குலுக்கல், வரிசை. ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைக் காண அயல்நாட்டுப் பயணி ஒருவருக்கு 1,500 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளுக்கு எட்டுப் பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். மனிதரின் சளிக்காய்ச்சல்கூட அவற்றைக் கொல்லக்கூடும் என்பதால் அந்த எண்ணிக்கையில் தளர்வு இல்லாதது சரியே. பூங்கா வருவாயில் பத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. கலாபகோஸ் தீவுகளின் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் பெரும்பாலான அயல்நாட்டுப் பயணிகளுக்கு 100 டாலரிலிருந்து 200 ஆனது. எங்கிருந்தோ பறந்துவருபவரிடம் விலை வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். சொந்த நாட்டு மக்களிடமே விலையால் வடிகட்டும்போதுதான் உறுத்துகிறது. 2017இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற 17 பூங்காக்களில் நெரிசல் மாதங்களில் வண்டிக்கு 70 டாலர் வாங்கும் யோசனை வந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன, பெரும்பாலும் எதிர்த்தே. யோசனை கைவிடப்பட்டு, கட்டணம் 35 டாலர் அளவில் நின்றது. கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் பாதையும் பழுதுபார்க்கப்படாமல் தேங்கிக் கிடக்கும் பூங்காக்களுக்குப் பணம் வேண்டும் என்பது மறுக்க முடியாதது. அதை வாயிலில் நிற்பவரிடம் மட்டும் வாங்க வேண்டுமா, வரிப்பணத்திலிருந்து தர வேண்டுமா என்பதே வழக்கு.

குலுக்கல் விலையைவிட நியாயமானது என்பது என் எண்ணம். அமெரிக்காவின் சீயோன் பூங்காவில் குறுகிய பாறைமுதுகின் மேல் சங்கிலியைப் பற்றிக்கொண்டு ஏறும் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாதைக்கு 2022 முதல் குலுக்கல்முறையில்தான் அனுமதி. அதே பூங்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே, நெரிசல் காலத்தில் தனியார் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பேருந்தில்தான் முதன்மைப் பள்ளத்தாக்குக்குள் போக முடியும். தொடக்கத்தில் முணுமுணுத்தவர்களும், வண்டி இரைச்சல் அடங்கியதும் ஆற்றின் ஓசை கேட்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் குலுக்கலிலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. மாதக்கணக்கில் முன்னதாகத் திட்டமிடவும் கணினியில் பதிவுசெய்யவும் வசதியுள்ளவருக்கே பெரும்பாலும் சீட்டு விழுகிறது. அந்த வாரம் விடுப்புக் கிடைக்குமா என்று முந்தைய நாள்வரை தெரியாமல் வேலைசெய்பவர் அந்தப் பானைக்குள் பெயர் போடுவது அரிது.

இந்தக் கணக்குகள் எதற்குள்ளும் அடங்காத ஒரு கதவடைப்பு உலூருவில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் நடுவே செந்நிறத்தில் எழும் அந்தப் பெரும்பாறையின் நிலவுரிமை 1985 அக்டோபர் 26 அன்று அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைப் பூங்காவாக வைத்திருக்க 99 ஆண்டுகளுக்கு அரசுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பூங்காக் குழுவில் பெரும்பான்மை இடங்கள் அவர்களுக்கு. தங்களுக்குப் புனிதமான பாறைமேல் ஏறுவதை அவர்கள் அன்றே தடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். ஏறும் பாதை திறந்திருக்க வேண்டும் என்பது நிலத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அரசு வைத்த நிபந்தனைகளுள் ஒன்று, அதனால் அது முடியவில்லை. ஏறும் பாதையின் அடியில், நாங்கள் ஏறுவதில்லை, நீங்களும் ஏற வேண்டாம் என்ற வேண்டுகோளோடு பலகை வைத்தார்கள், பல மொழிகளில். ஏறாதே என்ற ஆணை அதில் இல்லை. 1964இல் அடித்த சங்கிலியைப் பற்றிக்கொண்டு அந்தப் பலகையைக் கடந்து ஏறியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்தார்கள். வருவோரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே ஏறுகிறார்கள் என்ற நிலை வந்த பிறகுதான், 2017இல், மூடுவதென்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. நாள் 2019 அக்டோபர் 26 என்று அறிவித்ததும் அதுவரை ஏற நினைக்காதவர்களும் படையெடுத்து வந்தார்கள். கடைசி நாள் காலையில் பலத்த காற்று வீசியதால் பாதையைத் திறக்கத் தாமதமாயிற்று. நூற்றுக்கணக்கானோர் அந்தப் பலகைக்கு முன்னாலேயே வரிசையில் காத்து நின்றார்கள். விருந்தினராக வந்தவர் தாமாக உணர்ந்து ஒதுங்கட்டும் என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்த அந்தப் பொறுமையை எந்த மேலாண்மைத் திட்டத்திலும் நான் படித்ததில்லை.

நியூசிலாந்தின் டே உரேவேரா காடு இன்னும் ஒரு படி தாண்டியது. 2014இல் ஒரு சட்டத்தின் மூலம் அது தேசியப் பூங்காவாக இருப்பதிலிருந்தே நீங்கி, தனக்குத்தானே உரிமையுள்ள சட்டப்படியான ஆள் ஆயிற்று. அரசுக்கும் சொந்தமில்லை, அங்குள்ள மாவோரிக் குடியான டூஹோய் மக்களுக்கும் சொந்தமில்லை. அதன் திட்ட ஆவணம், நிலத்தை மேலாண்மை செய்வதாகச் சொல்லிக்கொள்ளாமல், நிலத்தின் நலனுக்காக மனிதர்களை மேலாண்மை செய்வதாகச் சொல்கிறது. அழகான கருத்து என்று நானும் மகிழ்ந்தேன். பிறகு, காட்டுக்குள்ளிருந்த பழைய மலையேற்றக் குடில்களை டூஹோய் தரப்பு அகற்றத் தொடங்கியதும் எதிர்ப்பு எழுந்து வழக்கு நீதிமன்றம்வரை போனது. வழக்குத் தொடுத்தவர்களில் டூஹோய் வழியினரும் இருந்தார்கள். உரியவரிடம் நிலம் போய்ச் சேர்ந்தால் சண்டை ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது, அவர்களைக் காட்டின் ஓர் அங்கமாகப் பார்க்கும் பழைய பார்வையின் இன்னொரு வடிவந்தான். எல்லாக் குடும்பங்களிலும் போலவே அங்கேயும் பாகப்பிரிவினைச் சச்சரவு இருக்கும்.

மக்களைக் கேட்டால் வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். சுவிட்சர்லாந்தில் 1914இல் அமைந்த ஒரே தேசியப் பூங்காவோடு இரண்டாவதாக ஒன்றைச் சேர்க்க ஆண்டுக்கணக்கில் உழைத்து, 2016 நவம்பரில் உரிய ஊராட்சிகளில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். போதிய ஊர்கள் சம்மதிக்கவில்லை, அதுலா பூங்காத் திட்டம் அன்றே முடிந்தது. மற்றொரு திட்டமும் 2018இல் அதேபோல் தோற்றது. காட்டுயிர் ஆர்வலன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் தாத்தாவின் மாமரங்களைக் காட்டியவரின் ஊருக்கு அப்படியொரு வாக்குச்சீட்டு வந்ததே இல்லை. உலக நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 விழுக்காட்டை 2030க்குள் பாதுகாப்பின்கீழ்க் கொண்டுவருவதென்று 2022 டிசம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்டபோது, பழங்குடிகளின் நிலவுரிமையை மதிக்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரி அவசரத்தில் மறக்கப்பட்டால், எத்தனை ஊர்கள் வரைபடத்தில் பச்சை நிறமாகப் போகின்றன என்பதே என் அச்சம்.

எதிர்காலத்தைப் பற்றிய விவாதத்தில் ‘இயல்பு நிலை’ என்ற பிடி முற்றிலும் நழுவுகிறது. அமெரிக்காவின் கிளேசியர் பூங்காவில், அங்குள்ள பனியாறுகள் 2020க்குள் மறைந்துவிடும் என்று பலகைகள் வைத்திருந்தார்கள். 2020 வந்தது, பனியாறுகள் முன்பைவிடச் சுருங்கியிருந்தன, மறைந்துவிடவில்லை. பலகைகளை மாற்றினார்கள். கணிப்புத் தவறியதைக் கேலி செய்தவர்கள் பனியாறுகளின் பழைய படங்களைப் பார்க்கவில்லை. பெயருக்குக் காரணமான பொருளே இல்லாமல் போகப்போகும் ஒரு பூங்காவை எப்படிப் ‘பழுதில்லாமல்’ ஒப்படைப்பது என்ற கேள்விக்கு ஆண்டு முன்பின்னாவது விடையாகாது.

பனியாற்றை நட முடியாது. மரத்தை நடலாமே என்ற இடத்தில்தான் சண்டை வருகிறது. கலிபோர்னியாவின் ராட்சத செக்கோயா மரங்கள் ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு வாழ்பவை. தீயின் வெப்பத்தில்தான் அவற்றின் கூம்புகள் நன்றாகத் திறந்து விதை உதிரும், தீ துடைத்த வெற்றுமண்ணில்தான் கன்று பிழைக்கும். நூறாண்டுக் காலம் தீயைத் தீமையென்று கருதி அணைத்துவந்ததால் அடியில் சருகும் புதரும் குவிந்தன. 1960களின் இறுதியில் திட்டமிட்டுத் தீ வைக்கத் தொடங்கினார்கள், ஆனால் தேவைக்கு மிகக் குறைவாக. 2020, 2021 ஆண்டுகளின் பெருந்தீக்களில் பெரிய செக்கோயாக்களில் ஏறத்தாழ 13 முதல் 19 விழுக்காடு இறந்தன. கன அளவில் உலகின் மிகப் பெரிய மரமான ஜெனரல் ஷெர்மனின் அடிமரத்தைச் சுற்றி, சோற்றுப் பொட்டலத்துக்குச் சுற்றுவதுபோல் அலுமினியத் தாளைச் சுற்றித் தீயணைப்பு வீரர்கள் நின்ற படத்தை 2021இல் உலகமே பார்த்தது.

எரிந்த தோப்புகள் சிலவற்றில் விதைமரமே மிஞ்சவில்லை. அங்கே நாற்று நடலாம் என்று 2023இல் பூங்காத் துறை முடிவெடுத்ததும், சட்டப்படி மனிதத் தலையீடு கூடாத காட்டுநிலப் பகுதியில் நாற்று நடுவது அந்தச் சட்டத்தையே தோட்டக்கலையாக்குவதாகும் என்று காட்டுநிலப் பாதுகாப்பு அமைப்புகள் சில நீதிமன்றத்தை நாடின. அவர்கள் வாதம் வீம்பு அன்று. இன்று செக்கோயா, நாளை வேறெதுவோ என்று கை நீண்டுகொண்டே போகும் என்பதில் நியாயம் இருக்கிறது. பூங்காத் துறையின் அறிஞர்களே இப்போது, வரும் மாற்றத்தை எதிர்ப்பது, ஏற்பது, ஒரு திசையில் செலுத்துவது என்ற மூன்றில் எதைச் செய்கிறோம் என்று இடத்துக்கு இடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறார்கள். நான் நாற்று நடும் தரப்பில் நிற்கிறேன். தீயை அணைத்ததும் நம் கை, வானிலையைச் சூடாக்கியதும் நம் கை. எரிந்து முடிந்த பிறகு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அதைத் தூய்மை என்பது எனக்கு ஒப்பவில்லை. நடுகிறவர்கள் எங்கே, ஏன், யார் சொல்லி நட்டோம் என்று எழுதிவைத்துவிட்டு நட வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

சென்ற ஆண்டு மீண்டும் அந்த மாமரங்களின் வழியே போக வாய்த்தது. வழிகாட்டி வேறொருவர். வண்டி நிற்கவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. வரிசையில் இரண்டு மரங்கள் விழுந்திருந்தன, அவற்றை யாரும் அப்புறப்படுத்தவில்லை. ஓடைக்கு இந்தப்புறம், வரிசைக்கு வெளியே, விலங்குகள் தின்று துப்பிய கொட்டையிலிருந்து முளைத்ததாக இருக்க வேண்டும், ஒழுங்கில்லாமல் நாலைந்து மாங்கன்றுகள் தலையெடுத்திருந்தன. வாயிலில் பலகைக்குப் புதுவண்ணம் பூசியிருந்தார்கள், வாசகம் பழையதுதான்.